சேகர், கலைவாணிக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்

என் சேகருக்கு,

ஒரே அப்பாவுக்குப் பிறந்த நம் இருவரில் உன்னை மட்டும் அந்தப் புற்றுநோய் ஏன் பிடித்தது? கல்லூரியில் மரபியல் நடத்தியே தலை நரைத்தவள் கேட்கிறேன்.

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதன்முதலில் சிறுநீரில் இரத்தம் போனபோது உனக்கு வலியே இல்லை. உலைப் பிரிவில் நிற்பவனுக்குச் சூடு பிடிக்கும், சிறுநீர் சிவக்கும் என்றார்கள் உன் ஷிப்ட் ஆட்கள். அதற்காகத்தானே கம்பெனியே தினமும் மோர் கொடுக்கிறது? நீ பக்கத்து ஆளின் பங்கையும் வாங்கிக் குடித்தாய். இரத்தம் நின்றது. "பாத்தியாக்கா, மோர் கேட்டுச்சு" என்றாய். இந்த நோயில் இரத்தம் அப்படித்தான் வரும், தானாக நிற்கும். மறுபடி வந்தபோது இரண்டு சிறுநீரகங்களிலும் கட்டி வளர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உனக்கு விளக்கினேன். கட்டி வளராமல் அடக்கி வைக்கும் மரபணுக்கள் நம் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். அதுவும் ஏதோ ஒரு செல்லில் கெட்டுப்போனால், அந்தச் செல் கட்டில்லாமல் பெருகத் தொடங்கும். சிலருக்குப் பிறக்கும்போதே ஒன்று பழுது.

"அப்ப ரெண்டு வாட்ச்மேன் போட்டும் திருட்டு போயிருக்குதுன்ற."

"ஆமாம்."

"ஒருத்தன் நான் பொறக்கறப்பவே லீவு. இன்னொருத்தன் தூங்கிட்டான். வேலைய வுட்டுத் தூக்குக்கா அவன!"

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். என்னால் முடியவில்லை. நம் அப்பாவும் சின்ன வயதிலேயே இடுப்போரம் கட்டி வந்து இறந்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழுது அவரிடமிருந்து உனக்கு வந்திருந்தால், உன்னிடமிருந்து உன் மகள் கலைவாணிக்கும் போயிருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கும் அப்படியே.

சிறுநீரகப் புற்றில் மூன்றாவது குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போகிறது என்று கண்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் மரபணு எது என்று இந்த 1991-இலும் யாருக்கும் தெரியவில்லை. இரத்தத்தைச் சோதித்துச் சொல்ல வழியில்லை. ஸ்கேன் எடுத்து, கட்டி வந்துவிட்டதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். இவ்வளவு படித்து இதுதானா?

இன்று ஒரகடத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கலைவாணிக்கு மணிமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். ஸ்கேன் என்றதும் உன் மனைவி சரோஜா வெடித்தாள்.

"நல்லா கீற பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா புள்ள வூட்டுக்காரங்க இன்னா பேசுவாங்க அண்ணி? படிச்ச படிப்பு அவர காப்பாத்திச்சா?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் நிறுத்தத்துக்குக் கலைவாணி பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, நீங்க ஸ்கேன் எடுத்துக்கினீங்களா?"

"இல்லை."

"பயமா?"

"ஆமாம்."

"அட, டீச்சருக்கே பயமா! நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து போலாம். அம்மாவ நான் பாத்துக்கிறேன்."

எதற்காகக் கூட்டிப் போகிறேன், சேகர்? கட்டி இருக்கிறது என்று தெரிந்தால் அவள் எப்படித் தூங்குவாள்? கடிதத்தை இப்படியே விட்டு வைக்கிறேன்.

மறுநாள் நடந்தது இது.

சரோஜாவும் வந்தாள். மூவரும் பஸ் ஏறினோம். சென்னையில் எனக்கு முதலில் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. கலைவாணிக்கு இடது சிறுநீரகத்தில் ஒரு சிறு கட்டி. இப்போதே அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். மறுபடி வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் சரோஜா கேட்டாள்: "உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூவருமே காலையிலிருந்து சாப்பிடவில்லை. பிறகு அவளே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் என்னிடம் நீட்டினாள்.

"துன்னுங்க அண்ணி. ஆபரேஷன் பத்தி நீங்கதான் டாக்டராண்ட பேசணும்."

பேசுவேன். குணமாகிவிடும் என்று உன் மகளிடம் சொல்ல மாட்டேன். அவள் கேட்பதற்கெல்லாம் உண்மையையே சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். எத்தனை முறை ஸ்கேன் எடுக்கச் சொன்னாலும் கூடப் போவேன்.

கட்டி இல்லாமல் தப்பிய,
உன் அக்கா