லண்டனில் அரைத்த யாழ்ப்பாணத் தூள்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
16.10.2022

அன்பு மகள் தயாளினிக்கு,

நீயும் மருமகன் உதயனும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல்லு, இங்கு நானும் உன் தம்பியும் பிள்ளையார் புண்ணியத்தில் குறைவில்லாமல் இருக்கிறோம். இதுவரை அம்மா சொன்னது. இனி கஜன். அக்கா, அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்திருக்கிறது, கொஞ்ச நாள் குனிந்து எழுதக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் அவர் சோபாவில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை காணாது, நடுவில் என் கதையும் வரும். போன் எடுத்தால் முடிகிற வேலைக்கு ஏன் கடிதம் என்று கேட்டேன். போனெண்டால் மருமகன் பக்கத்திலை நிப்பார், அவள் ஓம் ஓம் எண்டு மட்டும் சொல்லுவாள், கடிதத்தை ஆறுதலா இருந்து வாசிப்பாள் என்கிறார். இதை நாளைக்கு லண்டன் போகிற குகதாசன் அண்ணையின் வான் வண்டியில் கொடுத்து விடுகிறேன். முந்தி வெள்ளிக்கு வெள்ளி லண்டனுக்கு ஓடினவர் இப்போது நினைத்த நேரம்தான் ஓடுகிறார், அதிலும் கலியாண அல்பமும் சீலையும்தான் ஏற்றுகிறார், சாப்பாட்டுச் சாமான் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

அம்மாவின் கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. கட்டை அவிழ்த்த அன்றே குசினிச் சுவரில் இவ்வளவு எண்ணெய்க் கறை இருந்ததா என்று என்னைப் பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு உங்களிடம் வரத்தான் ஆசைப்பட்டார். முந்தியென்றால் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ரயிலேறலாம், இப்போது பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே இறங்க விடமாட்டார்கள், மெறியில், அதுதான் நகரசபையில், அதற்கு நாள் குறிக்க றொந்தேவு கேட்டால் தை மாதத்துக்குப் பிறகுதான் என்கிறார்கள். ஆகவே அவருக்குப் பதிலாக வருகிற சனிக்கிழமை நான் வருகிறேன். ஏன் வருகிறேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போன கிழமை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்கும் தெரியும். உதயன் அத்தான் மிளகாய்த்தூள் மில்லைப் பூட்டப் போகிறார், கட்டடச் சொந்தக்காரனுக்கு இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும், பிறகு யாரோ ஒருவரின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கப் போகிறார், பாரிஸ் பக்கம் இனித் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்கிறார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். வாக்கெடுப்புக்கு முதல் கிழமை சின்னவளின் பிறந்தநாள் மண்டபத்தில் அவர் எழும்பி நின்று, பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு வெளியே வந்தால்தான் எங்களைப் போன்ற சின்ன வியாபாரி தலையெடுப்பான் என்று சொன்னார். நான், அத்தான் உங்கட தூளிலை பாதி பாரிஸ் லா சப்பலிலைதானே விக்குது, வாசலைப் பூட்டிப்போட்டு யாருக்கு விக்கப் போறியள் என்று கேட்டேன். கேக் வெட்ட வந்த சனம் கத்தியோடு நின்று எங்களைப் பார்த்தது. நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் சரிதான். ஆனால் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. வறுவல் பதம் தெரிந்த ஒன்றுவிட்ட தம்பியை ஊரிலிருந்து கூப்பிட அவர் இரண்டு தரம் விசாவுக்குப் போட்டார், இரண்டு தரமும் இல்லை என்றார்கள். ஐரோப்பாக்காரர் ஒரு அட்டையோடு வந்து இறங்கி வேலை தொடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதன், அந்த வாசலைப் பூட்டினால் எங்கள் வாசல் திறக்கும் என்று நினைத்தார். கோபத்தில் நியாயம் இருந்தது, கணக்கில்தான் பிழை. இப்போது அந்தத் தம்பிக்கு விசா கிடைக்கும் போலிருக்கிறது, வேலை கொடுக்கத்தான் மில் இல்லை.

வெள்ளிக்கிழமை வாமதேவன் அண்ணை தன் கடையின் குளிர் அறை பழுதென்று, திருத்த என்னைக் கூப்பிட்டார். ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில் இருக்கிற அதே கடைதான், அத்தானின் தூளை முதன்முதல் வாங்கி அடுக்கினவர் அவர்தான். நான் உள்ளே கொம்பிரசரோடு மல்லுக்கட்ட, வெளியே பிரித்தானியாவைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். பவுண் விழுந்துபோச்சுது, ஐரோப்பாவை விட்டுப் போனதுக்கு இது காணாது என்றார் வாமதேவன் அண்ணை. குகதாசன் அண்ணை விடவில்லை. அப்ப இஞ்சை சூரியகாந்தி எண்ணெய் தட்டிலை இல்லாமல் போனதும் லண்டன்காரன் போட்ட வாக்கிலையோ, கொரோனாவும் சண்டையும் செய்ததை எல்லாம் அவன்ர தலையிலை கட்டாதையும் என்றார். பவுண் விழுந்தால் லண்டன் சாமான் எங்களுக்கு மலிவாயெல்லோ வரவேணும், எங்கை வருது என்று வாமதேவன் அண்ணை திருப்பிக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, கையில் நட்டுக் கழற்றும் சாவியோடு வெளியே வந்து சொன்னேன், இந்த அறை குளிராததுக்கு மூன்று காரணம் இருக்குது, கதவு றப்பர் கிழிஞ்சிருக்கு, காஸ் குறைஞ்சிருக்கு, காத்தாடியிலை தூசி, நீங்கள் ஒண்டை மட்டும் சொல்லு எண்டால் நான் என்னத்தைச் சொல்ல. கொரோனாவும் சண்டையும் எல்லா நாட்டுக்கும் பொது. கதவு றப்பர்தான் லண்டன்காரர் தாங்களே வாக்குப் போட்டுக் கிழித்தது. அதிலும் பெரிய கொம்பனிக்கு நட்டம் குறைவு, ஒரு கொள்கலன் நிறைய ஒரே சாமான் அனுப்புகிறவன் ஒரு சுங்கக் கடதாசி எழுதினால் போதும். ஒரு வானில் நாற்பது வகை ஏற்றுகிறவன் வகைக்கு ஒரு கடதாசி எழுதவேண்டும், எழுத ஆள் வைக்கவேண்டும், மலிந்த பவுணை அந்தக் கடதாசி தின்றுவிடும். உதயன் அத்தானுக்கு நடந்தது அதுதான் என்றேன்.

அதற்குக் குகதாசன் அண்ணை சிரித்தார். அவருக்கு நடந்தது வேறையடா, லண்டனிலை அரைச்ச தூளுக்கு யாழ்ப்பாணத்திலை அரைச்சது எண்டு பைக்கற்றிலை அடிச்சவர், கலேத் துறைமுகத்திலை மாட்டினார் என்றார். உங்களுக்குத் தெரிந்த கதைதான் அக்கா. புது ஒப்பந்தத்தில் பிரித்தானியாவில் செய்த பொருளுக்குத்தான் வரி இல்லை. அத்தானின் கடதாசி லண்டன் என்றது, பைக்கற் யாழ்ப்பாணம் என்றது, சுங்கக்காரன் இரண்டில் எதை நம்புவான். முதல் லோட்டே கிழமைக்கணக்காகக் கொட்டகையில் கிடந்தது, அதற்குள் கடைக்காரர் எல்லோரும் ஒல்லாந்துத் தூளுக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கதையை இந்தத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது, அந்தச் சிரிப்புக்குத்தான் அத்தான் பயப்படுகிறார்.

ஆனால் அன்றைக்கு வாமதேவன் அண்ணை சிரிக்கவில்லை. கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு, அடிக்கச் சொன்னது நான்தான் என்றார். முதல் பைக்கற்றிலை லண்டன் எண்டுதான் போட்டு வந்தவன், இஞ்சை ஒருத்தரும் தொடேல்லை, யாழ்ப்பாணம் எண்டு போடு உதயன், இல்லாட்டில் எடுக்க மாட்டன் எண்டு நான்தான் சொன்னனான் என்றார். அந்த நேரம் பார்த்து கடை வாடிக்கைக்காரி மேரிறோஸ் அக்கா ஒல்லாந்துத் தூள் பைக்கற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார், கறி வைச்சால் மரத்தூள் மாதிரிக் கிடக்கு, அந்த லண்டன் பொடியன்ர தூள் இனி வராதோ என்றார். வாமதேவன் அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் அவருக்கு ஒரு களஞ்சியம் சும்மா கிடக்கிறது. மிளகாயை நேரே இங்கே இறக்கி, வறுத்து, அரைத்து, இந்தப் பக்கம் முழுக்கக் கொடுக்கலாம், நடுவில் கடலும் இல்லை சுங்கமும் இல்லை. உங்களிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது, பதிவு உங்கள் பேரில் இருக்கலாம். லண்டன் மில்லை லண்டன் சனத்துக்கு மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளலாம், பூட்டத் தேவையில்லை. போய் நின்று அரைக்கிற இயந்திரம் வைக்க இடத்தைப் பார்த்தேன் அக்கா, கறன்ற் காணும், காற்று வெளியே போக வழி வெட்டவேண்டும், அது என் வேலை. இல்லாதது வறுவல் பதம் மட்டும்தான், அது அத்தானிடம்தான் இருக்கிறது. பைக்கற்றில் கூசேன்வில்லில் அரைத்தது என்றே போடுவோம் என்றேன். சனம் எடுக்குமோ என்றார் வாமதேவன் அண்ணை. எடுக்காட்டில் மிளகைப் போட்டுச் சமைக்கட்டும் என்றேன்.

நான் இதைப் போனில் சொல்லியிருப்பேன். அம்மா விடவில்லை. மருமகனைப் போனிலை கூப்பிடுற அலுவல் இல்லை இது, கலியாணத்திலை தோழனா நிண்டு கால் கழுவினவன் நீ, நீதான் போய்க் கூப்பிடவேணும் என்கிறார். உங்கள் கலியாண வீடியோவில் இருக்கிறது, தண்ணீர் குளிரென்று அத்தான் காலை இழுக்க, செம்போடு நின்று நான் சிரிக்கிறேன். கால் கழுவினதுக்கு அவர் அன்றைக்கு என் விரலில் போட்ட மோதிரம் இப்போது இறுகிவிட்டது, வேலைக்குப் போகும்போதும் கழற்ற வராது. தோழன் என்றால் கலியாணத்தன்று மட்டும்தானா என்று அம்மா கேட்டார்.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரம் வரை அத்தான் கட்டடக்காரனிடம் மில்லின் திறப்பைக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வருவதைச் சொல்லுங்கள், ஏன் என்பதைச் சொல்லவேண்டாம், அதை நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். பழைய மண்டபக் கதையை எடுப்பதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். அவர் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன், கேட்டுக்கொண்டிரு என்கிறார்.

இனி அம்மா. மகள், தீபாவளிக்குச் சின்னவளின் தலையில் எண்ணெய் வைக்க மறக்காதே, குளிரென்று சாட்டுச் சொல்லாதே. மருமகன் வாசலுக்கு வந்து கதவு திறக்கட்டும், நீ ஓடிப்போய்த் திறக்காதே. மூவரும் நீண்டகாலம் நிறைவாக இருக்க என் ஆசி. உன் தம்பி அங்கே வந்து வாதாடத் தொடங்கினால் உடனே சாப்பாட்டைப் போடு.

இதையும் எழுதத்தான் வேண்டுமாம், எழுதிவிட்டேன். கீழே கையெழுத்தை மட்டும் அவரே வைக்கிறார், டொக்டருக்குச் சொல்லவேண்டாம்.

உன் அன்பு அம்மா,
இராசேஸ்வரி

எழுதியது: கஜன்