வாசல்மேல் தொங்கிய இரண்டு கட்டு

மார்ச் 30

காலை எட்டு மணிக்கு 3 டிகிரி. ஏரிப் பக்கமிருந்து காற்று. வானிலை நிலையத்துப் பதிவேட்டில் எழுதியாயிற்று. இனி எழுதுவது எனக்கு.

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது. டவுன் டாக்டர் கையை விரித்துவிட்டார். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸ் குல்பரா வருகிறாள். வலிக்கு ஒரு ஊசி. காலிக் குப்பியைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விடுகிறாள். பொழுது விடிவதற்குள் மருந்து வடிந்துவிடும். அதற்கப்புறம் அவர் தலையணையைக் கடிக்கிறார். இதுவரை மூன்று உறை கிழிந்தாயிற்று.

காலைக்கும் ஒன்று தரக்கூடாதா என்று கெஞ்சினேன். “எனக்கு மட்டும் மனசில்லையா அக்கா? ஒரு குப்பி கூடக் குறைய ஆனா என்னை உள்ள தள்ளிடுவாங்க” என்றாள். அவளும் அழுதாள். அழுது என்ன?

ஏப்ரல் 11

பேச்சை எடுத்தது அவர்தான்.

“அனிபா, என் மீன்பிடிப் பெட்டியில ஒரு தகர டப்பா இருக்கும் பாரு. தூண்டிலுக்கு அவிச்சுப் போடற விதை.”

எனக்குத் தெரியாதா? இந்தக் கரையில் மீன் பிடிப்பவன் எல்லாம் தூண்டிலுக்குக் கஞ்சா விதைதான் போடுவான்.

“அது மீனுக்கு” என்றேன்.

“இந்த வருஷம் எனக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. இருபது வருஷம், ஆகஸ்ட் மாதந்தோறும் இதே மனிதர் போலீஸ்காரர்களோடு டிராக்டர் ஓட்டிப் போய், ரோட்டோரம் தானாக முளைத்த செடியை எல்லாம் உழுது குவித்துக் கொளுத்தியவர். “அத்தனையும் எரிச்சேன். இப்பப் போய் அதுகிட்டயே கை நீட்டறேன் பாரு” என்கிறார்.

ரோட்டோரச் செடியைத் தொட முடியாது. போன வருஷம் அங்கே விஷ மருந்து அடித்தார்கள். அப்படியானால் வீட்டில்தான். நானா? ஒரு தக்காளிச் செடியை ஒழுங்காகக் காய்க்க வைத்ததில்லை நான்.

ஏப்ரல் 24

தயிர் டப்பாக்களில் ஆறு முளைத்திருக்கிறது. ஜன்னலில் திரை போட்டேன். அப்புறம் வெயில் வேண்டுமே என்று திறந்தேன். மறுபடி போட்டேன். பைத்தியக்காரி மாதிரி நாலு தடவை.

மே 19

மைனஸ் 1. இருபத்தெட்டு வருஷமாக உறைபனியை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லும் உத்தியோகம் எனக்கு. கொல்லையில் நட்ட என் வீட்டுச் செடியைப் போர்த்த மறந்தேன். இரண்டு போயிற்று. மிச்சம் நாலு.

ஜூன் 30

நாலும் சோள வரிசைகளுக்கு நடுவே இடுப்பு உயரம்.

குல்பராவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கொல்லைப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை.

ஆகஸ்ட் 3

இரண்டு செடி பூத்துவிட்டது! கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. தட்டினால் மஞ்சள் தூள் பறக்கிறது. மற்ற இரண்டும் சும்மா பச்சையாக நிற்கின்றன, மந்தம். பூத்ததற்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் விட்டேன்.

அவருக்கு நேற்று பகலிலும் வலி.

ஆகஸ்ட் 12

ஐயோ, என் புத்தியே.

ஒரு பூங்கொத்தைப் பறித்துக் கட்டிலண்டை பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “இது ஆண் செடி, அனிபா. இதுல ஒண்ணுமே இல்ல. இதைப் புடுங்கிப் போடணும். இதோட தூள் பட்டா மத்ததும் விதை கட்டிப் போயிடும்” என்றார்.

“முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?”

“நீ கேட்டியா?”

ஓடிப்போய் இரண்டையும் பிடுங்கி ஆழப் புதைத்தேன். ஒன்பது நாளாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த தூள் ஏற்கெனவே எல்லா இடத்திலும் பறந்திருந்தது. மந்தம் என்று நான் திட்டிய இரண்டும்தான் மருந்து. அதிலும் பாதி சத்து விதைக்குப் போய்விடுமாம்.

பெண்ணாய்ப் பிறந்த எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

எர்மெக் வந்தான். எங்கள் கிராமத்துப் போலீஸ்காரன். இவரோடு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ப் போய் வளர்ந்தவன். வாசலில் ஜீப், அதில் அரிவாளோடு நாலு ஆள். செடி அழிக்கும் வாரம்.

“தொலொகோன் அண்ணனோட நீள அரிவாள் வேணும் அக்கா. அந்தப் பிடி மாதிரி எங்கயும் கிடைக்காது.”

அரிவாள் கொல்லைச் சுவரில் மாட்டியிருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அவனே போய்விட்டான். திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். ரொட்டி பிட்டான், டீ குடித்தான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம் ஏரித் தண்ணீர் எப்படி, மீன் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். எர்மெக் தலையணை உறையின் கிழிசலையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

போகும்போது கேட்டருகே நின்றான். “உங்க சோளம் இந்த வருஷம் நல்ல உயரம் அக்கா. வேலிப் பக்கம் இன்னும் ரெண்டு வரிசை போட்டிருக்கலாம். ரோட்டுலேருந்து எல்லாம் தெரியுது.”

அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாயங்காலமே பழைய கம்பளம் இரண்டை வேலியில் காயப் போட்டேன். இனி மழை வந்தாலும் எடுக்கப் போவதில்லை.

செப்டம்பர் 14

அறுத்தாயிற்று. எங்கே உலர்த்துவது? யோசித்து யோசித்துக் கடைசியில் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன்.

எங்கள் ஊரில் அதிரஷ்மான் கட்டு தொங்காத நிலைப்படி கிடையாது. கண்ணேறு கழிக்கப் புகை போடுகிற செடி. அதைக் கொத்தாக வாங்கி வந்து, வெளியே அது, உள்ளே இது என்று வைத்துச் சிவப்பு நூலால் கட்டினேன். இரண்டு கட்டு. வாசல்மேல், எல்லோர் கண்ணுக்கும் எதிரே மாட்டினேன். எவன் பார்ப்பான்?

நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாலில் காய்ச்சித் தரவேண்டும் என்றார். விடியற்காலைக்கு மட்டும் என்றால் நாற்பது நாள் வரும்.

செப்டம்பர் 23

ஈரப்பதம் 71. இன்னும் காயவில்லை. “அப்படியே குடேன்” என்று கேட்டார். “மூணு நாள் பொறுங்க, வீணாப் போயிடும்” என்றேன். எனக்கு எதையும் அளந்து, சரிபார்த்துத்தான் பழக்கம்.

ஏழாவது உறை.

நாளை அவருடைய அக்கா சபிரா தலைநகரிலிருந்து வருகிறார். ஐம்பத்தாறு வயதிலும் நான் அவருக்குக் ‘கெலின்’தான். வீட்டுக்கு வந்த மருமகள். அவரிடம் சொல்வதா? வேண்டாம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவார்.

செப்டம்பர் 26, வியாழன்

பகல் இரண்டு மணிக்கு நிலையத்திலிருந்து வந்தேன். கேட்டருகிலேயே வாசனை.

ஓடினேன். நிலைப்படிமேல் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. உள்ளே வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு சபிரா அக்கா, கையில் புகையும் வாணலி. தம்பியின் தலையைச் சுற்றிச் சுற்றி, “அலாஸ், அலாஸ், பீடையெல்லாம் தொலையட்டும், அலாஸ்” என்று கண்ணீரும் கம்பலையுமாக. வாணலியில் விதைகள் பட் பட்டென்று வெடித்தன. என் ஆண் செடிகள் கொடுத்த விதைகள்.

“கேட்டியா கெலின், எப்படி வெடிக்குதுன்னு! எத்தனை பேர் கண்ணு பட்டிருக்கு என் தம்பிக்கு!”

“அக்கா... ரெண்டு கட்டுமா?”

“பின்ன? சமையலறை, குளிக்கற இடம், மாட்டுக் கொட்டகை, ஒரு மூலை விடல. கொட்டகையிலதான் நிறையப் போட்டேன். பீடை அங்கதான் பதுங்கும்.”

பாதிக்கு மேல் மாட்டுக்குப் போயிற்று.

நான் வாயைத் திறந்தேன். அவர் கட்டிலிலிருந்து கையைத் தூக்கினார். வேண்டாம் என்று. இருபது வருஷம் இதை எரித்து முகர்ந்தவர், முதல் புகையிலேயே தெரிந்திருக்கும். அக்காவைத் தடுக்கவில்லை.

மூன்று மணிக்குத் தூங்கினார். இருட்டும்வரை அசையவில்லை. வாய் திறந்து, குறட்டை விட்டு. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27

விடியற்காலை பழையபடி.

ஆறு மாசம்! பனிக்கும் பயந்து போலீசுக்கும் பயந்து பொத்திப் பொத்தி வளர்த்தேனே. யாரைக் கேட்டுத் தொட்டாங்க? ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? நான் வேற, ஈரப்பதம் ஈரப்பதம்னு — குடுன்னு கேட்டாரே, குடுத்திருந்தா மூணு காலையாவது —

“சொல்லிடறேன்” என்றேன்.

“சொல்லாதே. எழுபது வயசு. தாங்க மாட்டா.”

“நீங்க தாங்கறீங்களா?”

சபிரா அக்கா அடுத்த அறையிலிருந்து, “புகை போட்டதுல முகமே தெளிஞ்சிருக்கு” என்று கத்தினார். மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

அக்டோபர் 9

விடியற்காலையில் போய்விட்டார். அமைதியாகப் போனார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நவம்பர் 17

நாற்பதாம் நாள். ஆடு அறுத்தாயிற்று, ரொட்டி பொரித்தாயிற்று, ஊரே வந்து சாப்பிட்டுப் போயிற்று. எர்மெக் அரிவாளைத் தீட்டி எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்தான்.

நாற்பது நாளாகச் சபிரா அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று எல்லோரும் போனதும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். வார்த்தைகூட யோசித்து வைத்திருந்தேன். இருவருமாகக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவர் சட்டென்று அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அன்னிக்கு ஒரு நாள்தானே கெலின் அவன் தூங்கினான்? நான் புகை காட்டின அன்னிக்கு. ரெண்டு கட்டையும் ஒரே நாள்ல தீர்த்துட்டேனே. கொஞ்சம் கொஞ்சமா வச்சிருந்து தினம் காட்டியிருந்தா... மூளை இல்லையே எனக்கு. நாற்பது நாளா இதேதான் உள்ள ஓடுது.”

அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

“அது பழைய கட்டு அக்கா” என்றேன். “வச்சிருந்தா பூஞ்சை பிடிச்சிருக்கும். அன்னிக்கே போட்டதுதான் சரி.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.

கம்பளத்தடியில் ஏழெட்டு விதை கிடந்தது. வாணலியிலிருந்து தெறித்தவை. சபிரா அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டார். “அதிரஷ்மான் விதை. வசந்தத்துல வந்து அவன் தலைமாட்டுல தூவறேன். ஒரு பீடையும் அண்டாது.”

அது எந்தச் செடியின் விதை என்று எனக்குத்தான் தெரியும். கல்லறை ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது.

“கூடவே ரெண்டு வரிசை சோளமும் போடுவோம் அக்கா.”

“கல்லறையில சோளமா? எதுக்குடி?”

“அவருக்குப் பிடிக்கும்” என்றேன்.