படுத்தவாக்கில் ஓட்டும் சைக்கிள்

மார்ச் 3, திங்கள்

ராசிபுரத்திலிருந்து தங்கை சாரதாமணி மகளோடு வந்தாள். ஜெயப்பிரியா பி.எட். படிக்கிறாள். காய்ச்சல் வந்து போனதிலிருந்து, எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறதாம், கண் இருட்டுகிறதாம். ஜூலையில் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். “நிக்க முடியலைன்னா படிப்பு அவ்வளவுதானுங்க மாமா” என்றாள்.

நாமக்கல்லில் பாதி லாரிகளுக்குப் பாடி கட்டியவன் நான். இதயமும் எஞ்சின் மாதிரிதான். ஓட்டாமல் நிறுத்தினால் மக்கர் செய்யும்.

மார்ச் 4

இதய நோய்க்காரர்களுக்கு உப்பு ஆகாது என்று கஞ்சியில் உப்பை நிறுத்தினேன். மைதானத்துக்கு அழைத்துப் போனேன். கொல்லிமலையை ஓடியே ஏறியவன் (பாதியில் ஒரு வேன்காரர் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டார்) என்ற முறையில் முன்னால் ஓடினேன். திரும்பினால் பிள்ளை மண்ணில் கிடக்கிறது.

கை கால் ஓடல. அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் பண்ணுனதா? இல்ல, அவ கஞ்சி குடிக்கல — உப்பில்லாத கஞ்சிய யாரு குடிப்பா.

“அண்ணா, உன்ற வைத்தியத்த மூட்டை கட்டிட்டு ஆசுபத்திரிக்கு வண்டிய எடு” என்றாள் சாரதாமணி.

மார்ச் 6

சேலத்து டாக்டரம்மா படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடி பார்த்தார். இதயம் நன்றாக இருக்கிறதாம். அதன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் நரம்புகள்தான், நின்றதும் தடுமாறி அதை விரட்டுகின்றனவாம். இளம்பெண்களுக்கே அதிகம் வருமாம். இவளுக்கு உப்பைக் கூட்ட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், படுத்தவாக்கில் உடற்பயிற்சி செய்து மெல்ல மெல்ல நிமிர வேண்டும்.

“உப்பை நிறுத்தச் சொன்னது யாருங்க?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். சாரதாமணி என்னைப் பார்த்தாள்.

“படுத்துட்டுப் பண்றதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா?” என்றேன், வெளியே வந்து.

“நீங்க ரொம்ப வருசமாப் பண்றீங்களே மாமா” என்றாள் ஜெயப்பிரியா.

மார்ச் 12

பழைய சைக்கிளை அறுத்து, லாரி சீட்டைச் சாய்த்து வெல்டிங் வைத்தேன். படுத்தபடியே மிதிக்கலாம். ஜெர்மனியில்கூட இப்படி ஒன்று கிடையாது என்று பட்டறை மணியனிடம் சொன்னேன். டாக்டரம்மாவுக்குப் படம் அனுப்பிக் கேட்டுக்கொண்டேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 20

மிதிக்கிறாள். இரண்டு நாள் நன்றாக, அடுத்த நாள் படுக்கை.

மே 30

சீட்டைக் கொஞ்சம் நிமிர்த்தினேன். படபடப்பு வந்து அழுதுவிட்டாள். மறுபடி சாய்த்தேன். “அவசரம் வேண்டாங்க மாமா.” அவசரப்பட்டது நானா? — நான்தான்.

ஜூலை 17

சீட்டு மெல்ல மெல்ல முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது. இன்று அவள் வகுப்பு. தற்செயலாக ராசிபுரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன், நாமக்கல்லிலிருந்து. கேட் அருகே நின்றாலே வகுப்பறை தெரிந்தது. கரும்பலகையில் எழுதினாள். நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். எழுந்தாள். மணி அடிக்கும்வரை நின்றாள்.

வாட்ச்மேனிடம் என் கண்டுபிடிப்பை விளக்க வாயெடுத்தேன். வெயிலோ என்னவோ, கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.