ஒன்பதாம் வரி

வெக்ஸ்போர்ட்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அலெக்ஸாண்டருக்கு,

மகேஸ்வரன் எழுதுகிறேன். கவரில் உள்ள விலாசத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்திருப்பீர். நான்தான் எழுதினேன். இந்தக் கடிதத்தையும் நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று கௌசி ரீச்சர் சொல்லித் தந்தார். எட்டு வருடமாக விசாரிக்காத சுகத்தை எப்படி விசாரிப்பது என்று அவர் சொல்லித் தரவில்லை. கால் எப்படி இருக்கிறது? மகள் வேரோனிக்கா உம்மை நன்றாகப் பார்க்கிறாளா?

ஒரு பெரிய செய்தி. சென்ற ஆகஸ்ட் வரைக்கும் எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது. எண்கள் தெரியும். என் பெயரை இங்கிலீசில் கீறப் பழகியிருந்தேன். அவ்வளவுதான். இப்போது நூல்நிலையத்தில் செவ்வாயும் வியாழனும் கௌசி ரீச்சரின் வகுப்பு, தமிழும் கொஞ்சம் இங்கிலீசும். அறுபத்தேழு வயதில் ‘ழ’ எழுதிப் பார்த்தால் தெரியும் அதன் பாடு! போன சனிக்கிழமை லோரன்ஸ் வீதியில் நடந்து நடந்து கடைப் பெயர்களை வாசித்தேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடமாக மரக்கறி வாங்கும் கடையின் பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே போய் முதலாளியிடம் அவருடைய கடைப் பெயரைச் சொன்னேன். “ஓம் அண்ணை, அதுக்கென்ன?” என்றார்.

நான் இன்னும் அதே இரும்புத் தொழிற்சாலையில்தான். அதே பத்துத் தொன் கிரேன் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிறது. நானும் அதே பட்டன் பெட்டியைப் பிடித்தபடி கீழே நடக்கிறேன். பதினொரு வருடம் நீர் கை காட்டினீர், நான் பட்டனை அழுத்தினேன். அப்படிக் கை காட்ட இப்போது ஆளில்லை.

எழுதத் தெரிந்தால் உம்மிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த இரும்பு பீமைக் கட்டை மரத்தின் மேல் இறக்கினோம். பீமைச் சுற்றிக் கொக்கியில் மாட்டிய பட்டி தளர்ந்தது. பிறகு ஏன் திரும்பவும் தூக்கச் சொல்லிக் கை காட்டினீர்? நீர் காட்டினீர், நான் தூக்கினேன். பட்டி கொக்கியிலிருந்து நழுவியது. பீம் உம்முடைய காலில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர். பிழை உம்முடையது என்றால் என்னை ஏன் பார்க்க மறுத்தீர்? எட்டு வருடமாக எனக்கு விளங்கவில்லை.

பதில் எழுதும். நானே வாசிப்பேன்.

உம்முடைய
மகேஸ்வரன்

(இதை எழுத நான்கு நாள் ஆனது. ஆனால் நல்ல நாட்கள்.)


ஒஷாவா,
2 பெப்ரவரி 2025

மகேஸ் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நம்பவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதருக்கு எழுத்துத் தெரியாது என்று யாருக்குக் கதை விடுகிறீர்கள்? இடைவேளையில் தமிழ்ப் பேப்பரை மேசை முழுக்க விரித்து வைத்திருந்தவர் யார்? நான் தேத்தண்ணியோடு வந்தால், “இஞ்சை பாரும் அலெக்ஸ், என்ன நடக்குது உலகத்தில?” என்று அந்தப் பேப்பரில் தட்டுவீர்களே.

ஏன் தூக்கச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். நட்டஈட்டுக்காரர் தந்த கோப்பில் இருந்தது. அன்று காலை கிரேனைப் பரிசோதித்த தாள். வழக்கம்போல நான்தான் நிரப்பினேன். ஒன்பதாம் வரியைப் பாருங்கள். கொக்கியின் வாயை மூடி, பட்டி தளர்ந்தாலும் நழுவாமல் தடுக்கும் நாக்கு. அது உடைந்து போயிருந்தது. உடைந்திருக்கிறது என்று எழுதினேன். பக்கத்தில், மாற்றும்வரை தூக்க வேண்டாம் என்றும் எழுதினேன். தாளைப் பலகையில் உங்களுக்குக் கொளுவிவிட்டு முற்றத்தில் வேறு வேலை பார்க்கப் போனேன். மத்தியானம் பட்டியோடு திரும்பி வந்தால் தாளின் கீழே உங்கள் கையெழுத்து. அண்ணை பார்த்துவிட்டார், மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அதனால் தூக்கச் சொன்னேன்.

மாற்றப் போனால் அரை நாள் வேலை நின்றுவிடும். அதற்காக நீங்கள் வாசித்தும் வாசிக்காததுபோலக் கையெழுத்து வைத்தீர்கள். அதனால்தான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். எழுத்துத் தெரியாது என்று இப்போது சொல்வது வசதியாகத்தான் இருக்கும்.

அலெக்ஸாண்டர்


வெக்ஸ்போர்ட்,
16 பெப்ரவரி 2025

அன்புள்ள அலெக்ஸ்,

உம்முடைய கடிதத்தை நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆனது. ‘நம்பவில்லை’ சுலபமாக வந்தது. ‘நட்டஈட்டுக்காரர்’ என்ற சொல்லில் ஒரு மத்தியானம் போய்விட்டது.

தாள் இங்கிலீசில் இருந்ததால் வகுப்புக்குக் கொண்டுபோனேன். கௌசி ரீச்சர் வரி வரியாகத் தமிழில் சொன்னார். கம்பிவடத்தில் அறுந்த இழை உண்டா? கொக்கி மேலே போய் முட்டாமல் நிற்பாட்டும் சுவிச் வேலை செய்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? மணி அடிக்கிறதா? உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனை வருடம் நான் பெயர் கீறிய தாளில் இவ்வளவு நல்ல விசயங்கள் இருந்திருக்கின்றனவே என்று. எட்டு வரியையும் சிரித்துச் சிரித்துக் கேட்டேன். ஒன்பதாம் வரியில் ரீச்சர் நிறுத்திவிட்டார்.

“அங்கிள், இதை நீங்களே வாசிக்கிறியளா?” என்றார்.

உம்முடைய எழுத்து சரிந்து சரிந்து போகிறது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். அர்த்தம் அவர் சொன்னார். நான் திரும்பவும் கூட்டினேன். அதே அர்த்தம்தான் வந்தது.

பேப்பரைப் பற்றிக் கேட்டீர். நான் படம் பார்த்தேன். மரண அறிவித்தல் பக்கத்தில் முகங்களைப் பார்த்தேன். உலகத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் நீர் குனிந்து வாசித்துவிட்டுச் சொல்வீர். அப்படித்தான் எனக்கு ஊர் உலகப் புதினம் தெரிந்தது. ஏழு வயதில் ஐயா செத்தார், நான் சுருட்டுக் கொட்டிலுக்கு வேலைக்குப் போனேன். யாழ்ப்பாணத்தான் என்றால் படித்தவன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிரேன் ஓட்டும் அட்டைக்கான சோதனையின்போது பயிற்சி தந்த ஆள் கேள்விகளை உரத்து வாசித்தார், எல்லோரும் விடைக்கு வட்டம் போட்டார்கள், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து நானும் போட்டேன்.

உம்மோடு வேலை தொடங்கிய முதல் நாள், “தாளை நீர் நிரப்பும், என்ரை கண்ணாடி வீட்டில” என்றேன். ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கண்ணாடியே இல்லை, அலெக்ஸ். பதினொரு வருடத்தில் நான் கண்ணாடி போட்டு ஒரு நாளாவது பார்த்தீரா?

இப்போது எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. பிழை உம்முடையது என்று எட்டு வருடம் இருந்தேன். இனி அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீர் எழுதியிருக்கிறீர். நான் வாசிக்கவில்லை. வாசிக்கத் தெரியாதவன் வாசிக்காதது பிழையா? அது பிழையில்லை என்று ஒரு நாள் நினைக்கிறேன். மற்ற நாள், கொக்கி என் கண்ணுக்கு நேரே தொங்கியதை நினைக்கிறேன். அதைப் பார்க்க எழுத்துத் தேவையில்லை. நீர் பார்த்திருப்பீர் என்று விட்டுவிட்டேன். ரீச்சரிடம் கேட்டேன். அவர் கோப்பி வாங்கித் தந்தார்.

உம்முடைய
மகேஸ்வரன்


ஒஷாவா,
27 பெப்ரவரி 2025

மகேஸ் அண்ணை,

இப்போது நம்புகிறேன். நம்பாமல் இருந்தபோது சுகமாக இருந்தேன்.

பதினொரு வருடம் என் தலைக்குப் பக்கத்தால் இரும்பு கொண்டுபோனீர்கள். நான் எழுதிய ஒரு சொல்லும் உங்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு பேர் பார்க்கிறோம் என்று நினைத்தேன். பார்த்தது நான் ஒருவன்தான்.

வேரோனிக்கா உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுகிறாள். “பாவம் அப்பா, அந்த அங்கிள்” என்கிறாள். செயற்கைக் காலைக் கழற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன். “ஆர் பாவம்?” என்று கேட்டேன்.

என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் ஒரு கிழமை பகிடி பண்ணியிருப்பேன். பிறகு தினமும் தாளை வாசித்துச் சொல்லியிருப்பேன். பேப்பர் வாசித்துச் சொல்லவில்லையா? நீங்கள் வெட்கப்பட்டீர்கள். போனது என் கால்.

ஒன்று கேட்கிறேன். இப்போது உங்களுக்குக் கை காட்டுவது யார்? அந்த ஆளுக்கு இது தெரியுமா? கம்பெனிக்குத் தெரியுமா? அவர்களுக்குச் சொல்லாமல் இனி எனக்கு எழுத வேண்டாம்.

அலெக்ஸாண்டர்


வெக்ஸ்போர்ட்,
30 மார்ச் 2025

அன்புள்ள அலெக்ஸ்,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கை காட்டுவது கீதன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல வேலைக்காரன், வாய்தான் ஓயாது. அவனிடம்தான் முதலில் சொன்னேன்.

“கீதன், போன வருசம் வரைக்கும் எனக்கு வாசிக்கத் தெரியாது.”

“சும்மா பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“பகிடி இல்லை. நீ நிரப்பித் தந்த தாள் ஒண்டையும் நான் வாசிக்கேல்லை.”

பாரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு அடி பின்னால் போய் நின்றான். நான் அதை மெல்ல இறக்கினேன்.

பிறகு சூப்பர்வைசர் பிரியந்தனிடம் போனேன். அவன் என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனான்.

“அண்ணை, இதை ஏன் இப்ப கிளறுறியள்? இப்ப வாசிக்கத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“பிறகென்ன? அடுத்த வருசம் பென்சன் எடுக்கப் போறியள். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கோ.”

அவன் சொன்னதும் சரிபோலத்தான் இருந்தது. அதுதான் என்னுடைய வில்லங்கம், அலெக்ஸ். இப்போது எல்லோர் சொல்வதும் எனக்குச் சரிபோல இருக்கிறது. மேலே அலுவலகத்துக்குப் போகும் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினேன். மூன்றாம் தரம் கதவைத் தட்டினேன்.

மனேஜர் ஒரு பெண். பிரியந்தனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர், எழுதித் தாருங்கள் என்றார். எழுதித் தரச் சொல்லி ஒருவர் கேட்க, நான் பயப்படாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு பக்கம் தமிழில் எழுதினேன். ஒன்றரை மணித்தியாலம். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்பதாம் வரியைப் பற்றியும் எழுதினேன், நீர் அதில் எழுதியதையும் எழுதினேன். பிரியந்தன் அதை இங்கிலீசில் வாசிக்கும்போது அவனுடைய காது சிவந்துபோனது.

கிரேன் ஓட்டும் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். திரும்ப வேண்டுமென்றால் முதலிலிருந்து பயிற்சி எடுத்து, நானே வாசித்துச் சோதனை எழுத வேண்டுமாம். தருவார்களோ தெரியாது. இப்போது பெட்டி கட்டும் பக்கத்தில் நிற்கிறேன். பட்டன் பெட்டி கீதனுடைய கையில். அவன் ஓட்டும்போது பாரம் ஆடுகிறது. பார்க்க முடியவில்லை.

வேலை போனதுபோல இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தை நினைத்தால் சந்தோசம் வருகிறது. கவலைப்பட வேண்டிய இடத்தில் சந்தோசப்படுகிறேனோ? நீர் சொல்லும்.

உம்முடைய
மகேஸ்வரன்


ஒஷாவா,
26 ஏப்ரல் 2025

மகேஸ் அண்ணைக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் மட்டும்தான் மெல்ல எழுதுகிறீர்கள் என்று நினைக்க வேண்டாம்.

எட்டு வருடம் ஒரு மனிதரோடு கோபமாக இருந்தேன். அவர் நான் எழுதியதை வாசித்தவர். வாசித்தும் என் காலைவிட அரை நாள் வேலை பெரிது என்று கையெழுத்து வைத்தவர். அவரோடு மனதுக்குள் தினமும் சண்டை பிடித்தேன். சண்டை பிடித்தே நடக்கப் பழகினேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று இப்போது நீங்கள் எழுதுகிறீர்கள். உங்களோடு எப்படிக் கோபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. இதை நட்டஈட்டுக்காரருக்கும் சொல்லவில்லை, வேரோனிக்காவுக்கும் சொல்லவில்லை. பட்டியோடு திரும்பி வந்தபோது கொக்கி எனக்கும் கண்ணுக்கு நேரேதான் தொங்கியது. நாக்கை மாற்றியிருக்கிறார்களா என்று நான் பார்க்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கை காட்டினேன்.

மே பத்தாம் திகதி, சனிக்கிழமை, வேரோனிக்கா வேலைக்குப் போகிறாள். நான் வீட்டில்தான் இருப்பேன். இனிப்பு ஒன்றும் கொண்டுவர வேண்டாம், எனக்குச் சீனி வருத்தம்.

அலெக்ஸாண்டர்


வெக்ஸ்போர்ட்,
1 மே 2025

அன்புள்ள அலெக்ஸ்,

கடிதம் கிடைத்தது. நான்கு தரம் வாசித்தேன். எந்த இடத்தில் என்னை மன்னித்திருக்கிறீர் என்று தேடினேன். கிடைக்கவில்லை. மன்னிக்கவில்லை என்று எழுதிய இடத்தையும் தேடினேன். அதுவும் கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் வாசிப்புப் போதாதோ என்னவோ.

இன்றைக்கு வியாழன், வகுப்பு நாள். ரீச்சரிடம் காட்டிக் கேட்கலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பிறகு காட்டவில்லை. இது எனக்கு வந்த கடிதம்.

வாசித்த அளவில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பத்தாம் திகதி, சனிக்கிழமை, நீர் வீட்டில் இருப்பீர். லோரன்ஸ் வீதி பஸ்ஸில் ரூஜ் ஹில் ஸ்டேசனுக்குப் போய், அங்கிருந்து ரயில் எடுத்து வருகிறேன். மற்றதை நேரில் கேட்கிறேன்.

மகேஸ்வரன்