எச்சரிக்கைகளைத் திருத்திய நாட்கள்

இன்று காலை கட்டுகஸ்தோட்டை வீதியில் கணினி திருத்தும் கடை ஒன்றைக் கடந்து வந்தேன். உள்ளே யாரோ ஒரு பழைய குண்டுத் திரையைச் சோதித்துப் பார்க்கப் போட்டிருந்தார்கள். சூடேறிய தூசியின் வாசனை வாசல் வரை வந்தது. நான் முன்பு வேலை செய்த கந்தோரில் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்த அதே வாசனை. நான் நின்றுவிட்டேன். கடைக்காரர் சிங்களத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அந்தக் கந்தோரில் என்னோடு வேலை செய்தவள் நீ. பேசும்போது நீ என்னை ‘நீர்’ என்பாய், நான் உன்னை ‘நீங்க’ என்பேன். இருவருக்கும் ஒரே வயது. நீ யாழ்ப்பாணம், நான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டம். அந்த மரியாதையை நாம் கடைசி வரை விடவில்லை. ‘நீ’ என்று எழுத இப்போதுதான் துணிகிறேன்.

துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். பண்டார சேர் நடத்திய சிறிய கணினி நிறுவனம். நீ வந்து சேர்ந்தபோது யுத்த நிறுத்தம் இருந்தது; வேலை பழகி முடிப்பதற்குள் அது முறிந்துவிட்டது. நீ பஸ்ஸில் கடந்து போகும் பாலத்தடியில் மறுபடி சோதனைச் சாவடி வந்தது. அஸ்கிரியவில் நீ வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா உன் அடையாள அட்டையின் பிரதியைப் பொலிசில் கொடுத்து உன்னைப் பதிந்துவிட்டு வந்தார்.

அந்த நேரத்தில்தான் தோட்டப் பாடசாலைகளுக்குப் பழைய கணினிகள் வந்தன. காசு கொடுத்து மென்பொருள் வாங்க அவர்களால் முடியாது. அதனால் இலவச இயங்குதளத்தைப் போட்டோம். அதில் தமிழ் இல்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு கணினியிலும் எழுத்துருவையும் விசைப்பலகையையும் நாமே ஏற்றினோம். கணினி பழுதாகி மறுபடி நிறுவினால் தமிழ் போய்விடும்; மறுபடியும் பஸ். “இதை ஒரு பொதியாக் கட்டி அந்த இயங்குதளத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டா, நாங்கள் போகத் தேவையில்லையே” என்று நீதான் சொன்னாய்.

கட்டினோம். இயங்குதளத்தை நடத்துகிற தொண்டர்கள் எங்கோ வெளிநாடுகளில் இருந்தார்கள். எந்தப் பொதியையும் சேர்ப்பதற்கு முன் ஒரு சோதனை நிரலால் அலசுவார்கள். அது பிழைகள் என்றும் எச்சரிக்கைகள் என்றும் வரிவரியாகக் கொட்டும். பிழை இருந்தால் பொதி வாசலிலேயே நின்றுவிடும். எச்சரிக்கை இருந்தால் உள்ளே போகலாம், முகச்சுளிப்போடு. நம் பொதி முதல் தடவை திரும்பி வந்தபோது திரை நிறைந்து வழிந்தது. உரிமக் குறிப்பு இல்லை, விளக்கப் பக்கம் இல்லை, கோப்பு தவறான இடத்தில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நீ கதிரையை இழுத்துப் போட்டு மேலேயிருந்து ஒவ்வொன்றாகத் தொடங்கினாய்.

பிழைகள் முடிந்தன. எச்சரிக்கைகள் சில மிஞ்சின. புதிய வெளியீட்டுக்குப் பொதிகளை ஏற்றுக்கொள்ளும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தவறவிட்டால் அடுத்த வெளியீட்டுக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம்.

“வெறும் எச்சரிக்கைதானேங்க. விட்டுட்டு அனுப்பிருவோமே” என்றேன்.

“ஓம், அது எங்களைத் தடுக்காது. ஆனா ஆருக்கோ ஏதோ நடக்கப்போகுது எண்டுதானே சொல்லுது. ஆருக்கெண்டு பாப்பம்.”

அதில் ஒன்று, நம் பொதியை நீக்கும்போது அது தனக்குச் சொந்தமில்லாத, வேறு கோப்புகளும் இருக்கிற ஓர் அடைவையும் அழிக்கிறது என்றது. என்ன ஆகும் என்று பார்க்க, பண்டார சேரின் கணினியில் பொதியை ஏற்றி, பிறகு நீக்கினோம். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வங்கிக்கு எழுதி வைத்திருந்த சிங்களக் கடிதம் முழுவதும் வெறும் சதுரங்களாக நின்றது.

“மொகத மே?” என்றார். என்ன இது என்று.

நாம் சிரிப்பை அடக்க முடியாமல் மன்னிப்புக் கேட்டோம். தமிழ் எழுத்துரு போகும்போது சிங்கள எழுத்துருவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. சிரித்து முடிந்ததும் நீ சொன்னாய், “இப்பிடி அனுப்பினா, தமிழைப் போட்டதாலதான் சிங்களம் பழுதாப்போச்சு எண்டு சொல்லுவினம். அது உண்மையாவும் இருக்கும்.” அதற்குப் பிறகு நான் அனுப்பச் சொல்லவில்லை. பண்டார சேர்தான் கடைசி நாள் நெருங்குவதைப் பார்த்து, அனுப்பிவிடுங்கள், பிறகு திருத்தலாம் என்றார்.

மின்வெட்டு நாட்கள் அவை. வீட்டில் இருந்து பார்ப்பதற்காக நீ சோதனை அறிக்கையையும் நிரலையும் அச்சடித்து எடுத்துப் போனாய். மறுநாள் காலை உன் வீட்டு அம்மா கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். பாலத்தடியில் பஸ்ஸிலிருந்து உன்னை இறக்கிவிட்டார்களாம். இரவு முழுக்கப் பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்கிறாய்.

பண்டார சேரும் நானும் ஓடினோம். உன் தாள்கள் பொறுப்பதிகாரியின் மேசையில் விரிந்து கிடந்தன. சில சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஓடும் நிரல் ஒன்றை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் ‘கில்’, அதாவது கொல், என்றுதான் எழுதுவோம். அதன் கீழே கோடு. தமிழ் எழுத்துகளுக்கும் எண்களுக்குமான அட்டவணையின் பக்கத்தில் கேள்விக்குறி. எனக்கே அது இரகசியச் சங்கேதம் போலத்தான் தெரிந்தது. நீ மர வாங்கின் ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தாய். தலை வாரியிருந்தாய். அதை ஏன் கவனித்தேன் என்று தெரியாது.

அதிகாரி எச்சரிக்கை என்ற சொல்லைத் தொட்டுக் காட்டி, “இது யாருக்கு விடுக்கிற எச்சரிக்கை?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“எங்களுக்குத்தான், சேர்” என்றாய், நீயும் சிங்களத்தில். பிறகு வரிவரியாக விளக்கினாய். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அந்த அடைவு பற்றிய வரி வந்தபோது பண்டார சேர் குறுக்கிட்டார். “இவர்களுடைய எழுத்தை எடுக்கும்போது எங்களுடைய எழுத்து உடையக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். அப்படியே அனுப்பு என்று சொன்னவன் நான்.”

அதிகாரி தாள்களை ஒன்றாக அடுக்கிவைத்தார். உன்னை உடனே விட்டுவிடவில்லை. எங்கெங்கோ தொலைபேசி எடுத்தார். பின்னேரம்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். தாள்களைத் தரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கினோம். நீ கோப்பையை மேசையில் வைத்துவிட்டாய். “அங்க வாய் கதைச்சுக்கொண்டிருந்தது. உள்ளுக்குள்ள ஒரே பயம்” என்றாய். பிறகு கோபம் வந்தது உனக்கு. அட்டையில் இருக்கிற ஊர்ப்பெயரைப் பற்றி, எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி, நான் அதற்கு முன் கேட்காத குரலில் பேசினாய். இதை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்; எனக்கு அவ்வளவு பயம். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு, “என்னை விட்டவங்கள், தாளை விடேல்லைப் பாரும்” என்றாய். சிரித்தும்விட்டாய். “பரவாயில்லை, மிச்சம் என்னெண்டு எனக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்கு வாறன்.”

வந்தாய். நம் பொதி கொண்டுவந்ததை மட்டும் அது எடுத்துப் போகும்படி நிரலை மாற்றி எழுதினோம். சோதனையை ஓடவிட்டோம். திரையில் ஒன்றும் வரவில்லை. கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து நான் விசையைத் தட்டப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய். குறை எதுவும் இல்லையென்றால் அந்த நிரல் ஒன்றும் சொல்லாது. அதுவரை நாம் அதைக் கண்டதில்லை.

வாசல் மூடுவதற்குள் பொதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. புதிய வெளியீடு வந்ததும் மடுல்கெல்லவுக்கு இருவரும் போனோம். வழியில் உன் அட்டையை இரண்டு இடத்தில் பார்த்தார்கள். பாடசாலையில் இயங்குதளத்தை மட்டும் நிறுவினோம், வேறு எதுவும் ஏற்றவில்லை. அதிபர் உட்கார்ந்து பாடசாலையின் பெயரைத் தட்டினார். தமிழ் தானாக வந்தது. “எங்கேயிருந்துங்க இது வருது?” என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அன்று தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அம்மா சுட்ட ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டாய். “புள்ள ரொம்ப மெலிஞ்சு கெடக்கு” என்று அம்மா உன் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

யுத்தம் முடிந்தபின் நீ ஊருக்குப் போனாய். அங்கே பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தாய். நோய் வந்ததைத் தாமதமாகத்தான் சொன்னாய். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் பேசினாய். நான் தைரியம் சொல்ல வாயெடுத்தபோது நீ வேறு விஷயத்துக்கு வந்துவிட்டாய். “பொதியின்ர பொறுப்பாளர் எண்ட இடத்தில என்ர பேர் கிடக்கு. அதை எடுத்துப்போட்டு உம்மட பேரைப் போடும். ஆராவது ஒரு பிழையைச் சொன்னா பதில் சொல்ல ஆள் வேணும்.”

“அதெல்லாம் பெறகு பாத்துக்கலாங்க” என்றேன்.

“இல்லை, இந்தக் கிழமையே செய்யும்.”

செய்தேன். நீ இருக்கும்போதே செய்தேன். மாற்றம் பதிவானதும் உனக்குச் செய்தி அனுப்பினேன். “நல்லது” என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு வேறு செய்தி வரவில்லை.

இப்போது பிழை சொல்லி எழுதும் கடிதங்கள் எல்லாம் எனக்குத்தான் வருகின்றன. மலேசியாவிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், யார் என்றே தெரியாத பலர். போன கிழமை முல்லைத்தீவில் ஓர் ஆசிரியை, புதிய பதிப்பில் கூட்டெழுத்து ஒன்று உடைகிறது என்று படத்தோடு எழுதியிருந்தார். பிள்ளைகளின் கையேடு அச்சுக்குப் போகிறதாம். அன்றே பதில் எழுதினேன். மூன்று நாள் தேடி இடத்தைக் கண்டுபிடித்தேன். திருத்தி, சற்று முன்புதான் சோதனையை ஓடவிட்டேன். இரண்டு எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. மழை விட்டிருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அவற்றைப் பார்க்கப் போகிறேன்.