'நல்லா இருக்கேன்' என்று எழுதும் செயலி

பதிவு 88. மார்ச் 3, காலை 8.10

பெரிய செய்தி மக்களே, இனிமேல் என் மெயிலுக்கு நான் பதில் எழுத வேண்டியதே இல்லை!

இடம்: போபோஸ் நிலையம், செவ்வாயைச் சுற்றும் ஒரு கறுப்புக் கல். ஆள் ஒருத்திதான். ரோஸ்லின், தூத்துக்குடி, பராமரிப்புப் பணி. இந்தப் பதிவுக் கருவிக்கு எந்த இணைப்பும் கிடையாது. பின்னால் வந்து படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். வெளியே பேச மெயில் மட்டும்தான். பூமிக்குப் போகப் பதினேழு நிமிடம், வரப் பதினேழு நிமிடம். காற்று இயந்திரம் சீர். மின்சாரம் சீர்.

நேற்று 'பதிலி' என்ற செயலிக்கு என் மெயில் கணக்கைத் திறந்துவிட்டேன். படிக்க, எழுத, அனுப்ப, அழிக்க அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் டிக். யார் அதையெல்லாம் உட்கார்ந்து வாசிப்பார்கள்? பழைய மெயில்களைப் படித்து அப்படியே என்னைப் போல எழுதுகிறது. வேற லெவல். அக்கா ஸ்டெல்லாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஒரே ஒரு விதி போட்டிருக்கிறேன்: யாரும் கவலைப்படக் கூடாது, என்ன நடந்தாலும் நல்லா இருக்கேன் என்றுதான் எழுத வேண்டும். வெளியூரில் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். ஹாஸ்டலில் டெங்குவோடு கிடந்தபோதும் நான் வீட்டுக்கு அதைத்தான் சொன்னேன்.

பதிவு 92. மார்ச் 7, காலை 9.00

காற்று இயந்திரத்தில் ஒரு வடிகட்டி சூடாகிறது. கவனிக்க வேண்டும்.

அக்காவின் மெயில், வந்தபடி:

"ஏட்டி ரோசு, அப்பா செத்துட்டாவன்னு எழுதுனா, நான் நல்லா இருக்கேன், சாப்ட்டேன், மீன் இல்லாதது ஒண்ணுதான் குறைன்னு பதில் போட்டிருக்க. சித்தப்பாகிட்ட அத வாசிச்சுக் காட்டிட்டேன். நீ மனுசிதானாட்டி?"

அப்பா இறந்தது எனக்கு இப்போதுதான் தெரியும். அந்த மெயில் பெட்டியிலேயே இல்லை. யாரும் கவலைப்படக் கூடாது என்றேன் அல்லவா, பதிலி அதில் என்னையும் சேர்த்துக்கொண்டு அழித்துவிட்டது. இந்த மெயிலில் 'நல்லா இருக்கேன்' என்று இருப்பதால்தான் விட்டுவைத்தது போல.

செயலியை டேப்லெட்டிலிருந்து தூக்கினேன். அக்காவுக்கு உட்கார்ந்து நானே எழுதினேன். எழுதி முடித்து அனுப்பவே ராத்திரி ஆகிவிட்டது.

பதிவு 93. மார்ச் 8, காலை 8.40

அக்காவின் பதில்: "மறுபடியும் நல்லா இருக்கேன்னே போட்டிருக்க. இரு. நல்லாவே இரு."

நான் அனுப்பியது அதில்லை.

புரிந்துவிட்டது. நான் தூக்கியது டேப்லெட்டில் இருந்த அதன் சின்னத்தை மட்டும்தான். கொடுத்த அனுமதி பூமியில், என் கணக்கில், அப்படியே இருக்கிறது. நான் எதை அனுப்பினாலும் முதலில் அதன் கைக்குத்தான் போகிறது.

கணக்கின் அமைப்புகளில் 'இணைந்த செயலிகள்' பக்கம் இருக்கிறது. பதிலிக்குப் பக்கத்தில் 'அனுமதியை ரத்து செய்' பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்புகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும்.

எனக்கு அது வந்து சேரவே பதினேழு நிமிடம்.

திரும்பத் திரும்ப அழுத்திவிட்டேன். 'எண் காலாவதியானது.' புதுக் கணக்கு திறக்கலாமென்றால் அதற்கும் ஒரு எண்.

பதிவு 95. மார்ச் 10, காலை 7.15

வடிகட்டி எரிந்து இயந்திரம் நின்றுவிட்டது. உருளைகளில் இருக்கும் காற்று நாலு நாளைக்கு வரும்.

சரக்குக் கப்பல் 'மரகதம்' இரண்டு நாள் தூரத்தில் போகிறது. கேப்டன் முகைதீன், காயல்பட்டினத்துக்காரர். நாளை மதியத்துக்குள் அவர் கப்பலைத் திருப்பினால் பிழைப்பேன்.

எழுதினேன்: காற்று இல்லை, உடனே வாருங்கள். பதிலி விடாது, தெரியும். அதனால் கவலையே தெரியாத மாதிரி இன்னொன்றும் எழுதினேன்: "அண்ணே, சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." இதில் அழிக்க என்ன இருக்கிறது? இது போய்ச் சேரும்.

பதிவு 96. மார்ச் 11, மாலை 4

போய்ச் சேர்ந்தது.

"தங்கச்சி, உங்க ஸ்டேஷன்லேர்ந்து தானா ஒரு அபாய மணி வந்துச்சு, பதறிட்டோம். என்னன்னு கேட்டதுக்கு, மெஷின் தப்பாக் காட்டுது, நான் நல்லா இருக்கேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. மறுபடி கேட்டப்பவும் அதேதான். அல்லாஹ் காப்பாத்தினான். சும்மா வந்துட்டுப் போகச் சொன்னீங்க, அதுக்கு எரிபொருள் பத்தாதும்மா. ஊர்ல பாப்போம்."

அவர் கேட்ட மெயில் எதுவும் எனக்கு வரவில்லை.

பதிலி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறது. படித்து நானே அழுதேன். அக்கா எழுதியிருக்கிறாள்: "சரி விடுட்டி, அழாத. சாப்ட்டியா?"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதில் போய்விட்டது. சாப்ட்டேன்க்கா.

பதிவு. தேதி பார்க்கவில்லை

தலை வலிக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது.

இதைக் கண்டெடுப்பவர்களே, என் மெயிலுக்கு எழுதாதீர்கள். பதில் வரும். நல்லா இருக்கேன் என்று வரும்.

எல்லோருக்கும் சொல்லுங்கள். முதலில் அக்காவுக்கு. ஸ்டெல்லா, தூத்துக்குடி, மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்வீடு. மெயில் வேண்டாம், நேரில் போங்கள். நாலைந்து பேராகப் போங்கள், ஒருத்தர் சொன்னால் நம்ப மாட்டாள். நீங்கள் போகிற அன்று காலையிலும் அவளுக்கு என்னிடமிருந்து மெயில் வந்திருக்கும். அதைக் காட்டி உங்களை விரட்டுவாள். போகாதீர்கள். வாசலிலேயே நின்று