ஏணியைக் கீழே பிடிப்பவர்

அனுப்புநர்:
எமிர் டெலிச்,
மரஅறுவை ஆலைத் தொழிலாளி,
ஆலைத் தெரு, ஹின்டர்மாட்.

பெறுநர்:
ஊராட்சித் தலைவர் அவர்கள்,
ஹின்டர்மாட், லூசெர்ன் மாநிலம்.

பொருள்: எங்கள் குடியுரிமை விண்ணப்பத்தின் மீது ஊர்ச் சபையில் கைதூக்கி மறுவாக்கெடுப்பு நடத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அன்றைய யூகோஸ்லாவியாவிலிருந்து வேலைக்கு வந்த நான் பதினெட்டு ஆண்டுகளாக இவ்வூரில் வசிக்கிறேன். மகள் அமேலா இங்கேயே பிறந்தவள். எங்கள் இருவருக்கும் சுவிஸ் குடியுரிமை தரலாமா என்று, இவ்வூர் வழக்கப்படி, சென்ற மாதம் ஊரார் ரகசியச் சீட்டில் வாக்களித்தார்கள். வேண்டாம் என்ற சீட்டுகளே அதிகம். காரணம் கேட்டதற்கு, ரகசிய வாக்குக்குக் காரணம் கேட்க முடியாது என்றது தங்கள் அலுவலகம்.

2. மறுநாளிலிருந்து எதிர்ப்படுபவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்களுக்குத்தாங்க போட்டேன்" என்கிறார்கள். பால்பண்ணைக்காரர் சொன்னார், அஞ்சல்காரரும் சொன்னார். பாதிரியாரின் சமையற்காரி அழுதேவிட்டார். அப்படியானால் வேண்டாம் என்று போட்டவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ தெரியவில்லை. வணக்கம் சொல்லும்போதே, இவராக இருக்குமோ என்று முகத்தைப் பார்க்கிறேன். அமேலா பேருந்தில் கடைசி இருக்கைக்குப் போய்விடுகிறாள். "அப்பா, எங்க டீச்சரும் வேண்டாம்னு போட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

3. இதோடு நின்றிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஊர்த் தீயணைப்புப் படையில் ஏணி ஏறுபவன் நான். கீழே பிடிப்பவர் படைத்தலைவர் உர்ஸ் நீடர்பெர்கர். என் நெருங்கிய நண்பர். சென்ற வாரப் பயிற்சியில் பள்ளிக்கூடக் கூரைக்கு ஏறும்போது பாதியில் கீழே, ஏணியைப் பிடித்திருந்த அவரைப் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் கால் எழும்பவில்லை. "என்னடா எமிர், வயசாயிடுச்சா? இறங்கு, பீர் வாங்கித் தர்றேன்" என்று கேலி செய்தார். அவர் எப்படி வாக்களித்தார் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டாலும் எல்லோரும் சொல்வதையே அவரும் சொல்வார். அது உண்மையாகவே இருந்தாலும் நான் நம்பமாட்டேன். எனக்குப் பயமாக இருப்பது இதுதான்.

4. ஆகவே வரும் ஊர்ச் சபையில் எங்களை முன்னால் நிறுத்தி, கைதூக்கி வாக்களிக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். மீண்டும் தோற்றாலும் முறையிட மாட்டேன். வேண்டாம் என்பவர்கள் யார் என்று தெரிந்தால் போதும். மற்றவர்களிடமாவது பழையபடி பேசிச் சிரிக்கலாம்.

அதுவரை சங்கு ஊதினால், எரிவது யார் வீடாக இருந்தாலும், வழக்கம்போல் ஓடி வருவேன். ஏணியை உர்ஸே பிடிக்கட்டும். கீழே பார்க்காமல் ஏற முயல்கிறேன்.

இடம்: ஹின்டர்மாட்
நாள்: 12.10.2001

இவ்வூரில் வாழும்,
எமிர் டெலிச்